மெரல் மோவாப் 3: தினசரி நடைக்கும் தூரதேசப் பயணத்துக்கும் ஒரே ஜோடி போதுமா?

காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவரும், வருடத்துக்கு ஒருமுறை முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வெளிநாட்டு மலைப்பாதைக்குக் கிளம்புகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், முதலில் எழும் கேள்வி: இரண்டுக்கும் ஒரே ஷூ போதாதா? இந்தக் கேள்விக்குப் பதிலாக அடிக்கடி கைகாட்டப்படும் ஷூக்களில் ஒன்று மெரல் நிறுவனத்தின் மோவாப். முதல் பதிப்பு 2007-இல் வந்தது. இரண்டாவது 2017-இல், மூன்றாவது 2022-இல். இந்த விமர்சனம் மூன்றாவதைப் பற்றியது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோவாப் 3 இரண்டு வேலைக்கும் பொருந்தும். ஆனால் ஒரே ஜோடியை ஒரே காலகட்டத்தில் இரண்டுக்கும் போட்டு அடிக்கக் கூடாது. புது ஜோடி பயணத்துக்கு, பயணம் போய்வந்த ஜோடி தினசரி நடைக்கு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆறு மாதம் தார் ரோட்டில் தேய்த்துவிட்டு, "நல்லா பழகிடுச்சு" என்று அதையே மலைக்குக் கொண்டுபோகிறார்கள். அப்புறம் மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கிறது, இறக்கத்தில் வழுக்குகிறது என்று ஷூவைத் திட்டுகிறார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தால்

மேல்பகுதி பன்றித்தோல் சூயெடும் (சொரசொரப்பான மென்தோல்) வலைத்துணியும் கலந்தது. பெருவிரலுக்கு முன்னால் கல்லில் இடித்தால் தாங்குவதற்கு ஒரு ரப்பர் முகப்பு. நாக்கு இருபக்கமும் உடம்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பொடிக்கல்லும் காய்ந்த புல்லும் லேஸ் வழியாக உள்ளே இறங்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். நாக்கு தனியாகத் தொங்கும் ஓட்ட ஷூக்களைப் போட்டுக்கொண்டு மணல்பாதையில் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நடு அடுக்கு ஈவிஏ நுரை. குதிகாலுக்கு அடியில் ஒரு காற்றுப் பொதி. பாத வளைவுக்குக் கீழே நுரைக்குள் நைலான் தகடு ஒன்று புதைந்திருக்கிறது. ஷூவின் முனையையும் குதிகாலையும் இரண்டு கைகளால் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கும், நடுவில் மடங்காது. பாரம் சுமக்கும்போது ஒரு கல்லின் விளிம்பில் பாதத்தின் நடுப்பகுதி பட்டாலும் வளைவு கீழே அமுங்காமல் காப்பது அந்தத் தகடுதான். பழைய பூட்ஸ்களில் இந்த இடத்தில் எஃகு இருக்கும். நைலான் ஆனதால் எடை குறைகிறது, விமான நிலையச் சோதனையில் அடிப்பாகம் அலாரத்தைக் கிளப்புவதும் இல்லை.

அடியில் விப்ரம் நிறுவனத்தின் டிசி5+ ரப்பர், 5 மி.மீ ஆழப் பற்கள். (1935-இல் ஆல்ப்ஸ் மலையில் பொருத்தமில்லாத காலணிகளோடு போன ஆறு பேர் இறந்ததைக் கண்ட இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, 1937-இல் உருவாக்கிய பல்வைத்த ரப்பர் அடித்தளம்தான் அந்த நிறுவனத்தின் தொடக்கம்.) டிசி5+ எல்லாத் தரைக்கும் ஓரளவு ஒத்துப்போகும் ரகம். மண், சரளை, காய்ந்த பாறை எல்லாவற்றிலும் நம்பிக் கால் வைக்கலாம். ஈரமான வழவழப்பான பாறையில், மழை நனைத்த டைல்ஸ் தரையில் அந்த நம்பிக்கை குறைகிறது. அதே நிறுவனத்தின் மெகாக்ரிப் ரப்பர் ஈரத்தில் இதைவிடப் பிடிக்கும். ஆற்றுப் படுகைகளும் நீர் வழியும் பாறைகளும் நிறைந்த பாதைக்குப் போகிறவர்கள் மெகாக்ரிப் போட்ட ஷூவாகத் தேடுவது நல்லது.

தாழ்வான மாடலின் எடை ஜோடிக்கு 900 கிராமை ஒட்டி வருகிறது. இன்றைய நடை ஷூக்களோடு ஒப்பிட்டால் இது கனம். குதிகால் முன்பாதத்தைவிட 10 மி.மீ-க்குச் சற்று மேல் உயர்ந்திருக்கிறது. கெண்டைக்கால் இறுகி இருப்பவர்களுக்கும் குதிகால் தசைநார் வலி உள்ளவர்களுக்கும் இந்த உயரம் இதமானது. குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டமாக இருக்கும் ஷூவுக்குப் பழகியவர்களுக்கு முன்னால் தள்ளுவது போல இருக்கும்.

வலைத்துணியா, கோர்-டெக்ஸா

பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மோவாப் 3 வலைத்துணி வைத்த காற்றோட்ட மாடல், நீர்புகா மாடல், கோர்-டெக்ஸ் (தண்ணீரைத் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் படலம்) மாடல் என்று பிரிந்து வருகிறது. தாழ்வானதும் கணுக்கால் வரை வருவதும் தனித்தனி. "எதற்கும் இருக்கட்டும்" என்று கோர்-டெக்ஸை வாங்குகிறவர்கள் அதிகம். வெயில் நாடுகளுக்கும் தினசரி நடைக்கும் அது தப்பான தேர்வு.

காரணம் அந்தப் படலம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. வியர்வை ஆவியாகி வெளியே போக வேண்டுமானால் ஷூவுக்குள் இருப்பதைவிட வெளிக்காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்க வேண்டும். வெளியே 32 டிகிரி, காற்றில் ஈரம் 80 சதவீதம் என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைவு, ஆவி மெதுவாகத்தான் நகரும். கால் உள்ளேயே வேகும். வெந்த தோல் மிருதுவாகி உராய்வில் சீக்கிரம் கொப்பளிக்கும். மழையில் நனையாமல் இருக்க வாங்கிய ஷூவுக்குள் வியர்வையில் நனைந்து நடப்பதுதான் மிச்சம்.

இன்னொன்று, தாழ்வான கோர்-டெக்ஸ் ஷூவுக்கு மேலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கால் நுழைகிற ஓட்டை. கணுக்கால் ஆழ ஓடையைக் கடந்தால், அல்லது மழையில் கால் வழியாக நீர் வழிந்தால், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. காற்றோட்ட மாடல் நடந்துகொண்டிருக்கும்போதே தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிட்டு அரை நாளில் ஏறக்குறைய உலர்ந்துவிடும். கோர்-டெக்ஸ் உள்ளே நனைந்தால் அடுத்த நாள் காலையிலும் ஈரமாகத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

கோர்-டெக்ஸ் எங்கே தேவை? ஐந்து முதல் பத்து டிகிரிக் குளிரில், பனி உருகும் பாதையில், காலைப் பனித்துளி படிந்த புல்வெளியில் மணிக்கணக்கில் நடக்கும்போது. அங்கே ஈரம் என்றால் குளிர், விரல்கள் மரத்துப்போகும். அங்கேகூடக் கணுக்கால் வரை வருகிற மாடலோடு சேர்ந்தால்தான் முழுப் பலன். மேல்துணியில் நீரை உருட்டித் தள்ளும் பூச்சு தேய்ந்துவிட்டால் துணி தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். ஓட்டை விழாவிட்டாலும் ஆவி வெளியேறுவது நின்று உள்ளே பிசுபிசுக்கும். இதைத்தான் பலர் "லீக் ஆகுது" என்கிறார்கள். சுத்தம் செய்து நீர்விலக்கி ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடும்.

கணுக்கால் மாடல் பற்றியும் ஒரு வார்த்தை. அது காலைச் சுளுக்கிலிருந்து காக்கும் என்பது பாதி உண்மை. மோவாப்பின் கழுத்து மெத்தென்ற துணி. கால் பிரளும்போது அதைத் தடுத்து நிறுத்தும் விறைப்பு அதற்குக் கிடையாது. அது செய்வது கணுக்கால் எலும்பில் கல் இடிக்காமல், உள்ளே சரளை போகாமல் பார்த்துக்கொள்வது. சுளுக்கைத் தடுப்பது கணுக்காலின் பலமும் சமநிலையும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது இந்தக் கழுத்துப் பட்டையைவிட நல்ல காப்பு.

அளவு: வாங்கும்போதே முக்கால் பிரச்சினை தீரும்

பாதம் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. பாரம் சுமந்து நாள் முழுக்க நடந்தால் இன்னும் பரக்கும். ஆகவே ஷூவை மாலையில், பயணத்தில் போடப்போகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் சமமாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்க வேண்டும்.

முதலில் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். குதிகாலை இன்சோலின் பின் விளிம்போடு சேர்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ இடம் தெரிய வேண்டும். (நீளமானது எப்போதும் பெருவிரல் என்று நினைக்க வேண்டாம். பலருக்கு இரண்டாவது விரல் நீளம்.) சுண்டுவிரல் பக்கம் பாதம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் அகல மாடல் கேளுங்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சமாளிக்கிறவர்களுக்குக் குதிகால் ஆடும், ஷூ கடிக்கும்.

அடுத்து, லேஸைக் கட்டிக்கொண்டு முனையால் தரையை மெதுவாக மூன்று தடவை உதையுங்கள். மூன்றாவது உதையிலும் விரல் முன்னால் இடிக்காமல் இருக்க வேண்டும். சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். சமதரையில் கச்சிதமாக இருக்கும் ஷூ, இரண்டு மணி நேர இறக்கத்தில் பெருவிரல் நகத்தைக் கறுக்க வைப்பது இந்தச் சோதனையைத் தவிர்த்ததால்தான். நகம் கறுப்பது நோயல்ல. நகத்தின் அடியில் ரத்தம் கட்டுவது. பயணம் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நகத்தை நேராகவும் குட்டையாகவும் வெட்டிவிடுங்கள்.

மோவாப்பின் முன்பகுதி தாராளம். அகலமான பாதத்துக்கு நிம்மதி. ஒடுக்கமான பாதம் உள்ளே மிதக்கும். லேஸை எவ்வளவு இழுத்தும் இருபக்கத் துணியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் அந்த ஷூ உங்களுக்கானது இல்லை.

லேஸ், இன்சோல், சாக்ஸ்

ஏற்றத்துக்கு ஒரு கட்டு, இறக்கத்துக்கு ஒரு கட்டு என்று இருக்க வேண்டும். ஏறும்போது மேல்பகுதியைக் கொஞ்சம் தளர்த்தினால் கணுக்கால் முன்னால் மடங்க வசதி. இறங்கும்போது பாதம் முன்னால் வழுகாமல் பிடிக்க வேண்டியது கணுக்கால் வளையும் இடத்தில். அந்த இடத்துக்கு நேராக லேஸ் வரும்போது, சாதாரணமாக ஒருமுறை குறுக்கே போடுவதற்குப் பதில் இரண்டுமுறை சுற்றி இழுத்து முறுக்குங்கள். அந்த முறுக்கு, கீழே உள்ள இறுக்கத்தைத் தனியாகப் பூட்டிவிடும். மேலே நீங்கள் தளர்த்தினாலும் இறுக்கினாலும் விரல் பக்கம் மாறாது. பாதத்தின் மேல்மேடு வலித்தால், வலிக்கும் இடத்தில் மட்டும் குறுக்கே போடாமல் லேஸை நேராக மேலே கொண்டுபோய் அடுத்த ஓட்டையில் கோத்துவிடுங்கள்.

கூட வருகிற இன்சோல் சுமார் ரகம். கால் பழகும்வரை மெத்தென்று இருக்கும், பிறகு குதிகால் பகுதி அமுங்கிவிடும். தட்டைப் பாதம் உள்ளவர்கள், உடல் எடை கூடியவர்கள் கெட்டியான வளைவு கொண்ட இன்சோல் மாற்றிக்கொள்ளலாம். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் குதிகால் மேலே எழும்பி, பின்கழுத்தின் பிடியிலிருந்து நழுவும். குதிகால் கொப்புளத்தை நாமே வரவழைத்துக்கொள்வதற்குச் சுலபமான வழி அது.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், மெரினோ கம்பளியோ நைலான் கலவையோ ஈரத்தைத் தோலிலிருந்து நகர்த்தும். கொப்புளம் வெறும் மேல்தோல் உராய்வால் வருவதில்லை. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர, ஈரத்தில் சாக்ஸோடு ஒட்டிய தோல் அங்கேயே நிற்க, நடுவில் இருக்கும் அடுக்குகள் இழுபட்டுக் கிழிந்து நீர் சேர்கிறது. அதனால்தான் ஒரு இடம் சூடாக உறுத்தத் தொடங்கியதும் நிற்க வேண்டும். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அடுத்த ஊரில் கொப்புளத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். சாக்ஸைக் கழற்றி, காலை உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு டேப்பை முனைகளை வட்டமாக வெட்டிச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். முனை கூராக இருந்தால் சாக்ஸ் அதைச் சுருட்டி எடுத்துவிடும். ஏற்கெனவே நீர் கோத்திருந்தால் அதன் மேல்தோலை உரிக்கக் கூடாது.

தினசரி நடையில்

ஒரு சின்னக் கணக்கு. அடிக்கு 70 செ.மீ என்று வைத்தால் ஐந்து கிலோமீட்டருக்கு ஏழாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு காலுக்கு மூவாயிரத்து ஐந்நூறு முறை. வாரத்துக்கு ஆறு நாள் நடந்தால் 30 கி.மீ, மாதத்துக்கு 130 கி.மீ. இந்த வகை ஷூவின் நுரைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 500 முதல் 800 கி.மீ. ஆறு மாதத்தில் கதை முடிகிறது. வெளியே தோல் புத்தம் புதிதாக மின்னும், உள்ளே நுரை செத்துப் போயிருக்கும். ஏமாறுவது இங்கேதான்.

தார் ரோடும் கான்கிரீட்டும் மோவாப்புக்கு ஏற்ற தரை அல்ல. மண்ணில் பற்கள் உள்ளே புதைந்து அடிப்பரப்பு முழுவதும் எடையைத் தாங்கும். கெட்டித் தரையில் பற்களின் முனை மட்டும்தான் படும். எடை முழுக்க அந்தச் சின்னப் பரப்பில் இறங்குவதால் ரப்பர் வேகமாகத் தேய்கிறது. முதலில் போவது குதிகாலின் வெளிமூலை. பெரும்பாலோர் அங்கே ஊன்றித்தான் நடக்கிறோம். அங்கே பற்கள் மழுங்கிவிட்ட ஷூ நகரத்து நடைபாதைக்குப் பாதகமில்லை. ஆனால் மலை இறக்கத்தில் முதலில் தரையைப் பிடிக்க வேண்டிய இடமும் அதே மூலைதான்.

எடை வேறு. நடைக்கான ஓட்ட ஷூ ஒன்று 300 கிராம் என்றால் மோவாப் 450. காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகள் மத்தியில் வழங்கும் பழைய கணக்கு. ஐந்து கிலோமீட்டரில் அது ஒன்றும் செய்யாது. வேகமாக நடந்து வியர்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் கால் கொஞ்சம் மந்தமாகத் தெரியும்.

ஆகவே புது ஜோடிக்குத் தினசரி நடையில் ஒரே ஒரு வேலை, காலுக்குப் பழகுவது. மோவாப் இதில் நல்ல பிள்ளை. முதல் நாளே கடிக்காத ஷூ என்று பெயர் வாங்கியது. 50 முதல் 80 கி.மீ போதும். முதல் சில நாட்கள் வெறுங்கையோடு, பிறகு பையில் பாதி எடை, கடைசி இரண்டு மூன்று நடை பயணத்துக்கான முழு எடையோடு. அந்தக் கடைசி நடைகளில் படிக்கட்டு ஏறி இறங்குவதும் இருக்கட்டும். எங்கே உறுத்துகிறது என்று அப்போது தெரிந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். அதற்குப் பிறகு கழற்றி வைத்துவிடுங்கள்.

பயணத்தில்

பையின் எடை 10, அதிகபட்சம் 12 கிலோ வரை இந்த ஷூ சமாளிக்கும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல், கூடாரமும் உணவும் சேர்த்து 15 கிலோவைத் தாண்டினால் நடு அடுக்கு அமுங்கி ஷூ பக்கவாட்டில் முறுக்கும். அங்கே விறைப்பான பூட்ஸ் வேண்டும்.

ஸ்பெயினில் சான்டியாகோ நகரை நோக்கிப் போகும் 'பிரெஞ்சுப் பாதை' என்ற யாத்திரை வழி மோவாப்புக்காகவே போட்டது போல இருக்கும். சுமார் 780 கி.மீ, ஏறக்குறைய எல்லா இரவும் விடுதியில்தான் என்பதால் பை 7, 8 கிலோவுக்குள் அடங்கும். சரளையும் மண்ணும் தார் ரோடும் மாறி மாறி வரும். வெயில் காலத்தில் காற்றோட்ட மாடலைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் கவனியுங்கள்: 780 கி.மீ என்பது ஒரு ஜோடியின் முழு ஆயுள். ஏற்கெனவே 400 ஓடிய ஜோடியோடு கிளம்பினால் நடுவழியில் அது கைவிடும்.

ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் பாதை வேறு மாதிரி. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் சுமார் 170 கி.மீ, ஏற்றம் மட்டும் கூட்டினால் 10,000 மீட்டரை ஒட்டி வரும். ஜூலை தொடக்கம்வரை உயரக் கணவாய்களில் பனித்திட்டுகள் கிடக்கும். அந்தச் சமயத்தில் போகிறவர்களுக்குக் கணுக்கால் கோர்-டெக்ஸ் மாடல். ஆகஸ்டில் போகிறவர்களுக்குக் காற்றோட்ட மாடலே போதும். நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றில் 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாயை விடியலுக்கு முன் கடக்கும்போது வலைத்துணி ஷூவில் விரல்கள் விறைத்துவிடும். அதற்கு மோவாப் காற்றோட்ட மாடலைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நியூசிலாந்து போகிறவர்கள் ஷூவின் அடியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளியில் போட்டு நடந்த காலணிகளை நுழைவுப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். உரியதைத் தெரிவிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். 5 மி.மீ பற்களுக்கு நடுவே காய்ந்த மண் இறுகி உட்கார்ந்திருக்கும். மேலாகக் கழுவினால் போகாது. ஐஸ்கிரீம் குச்சியால் ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டி, பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, முழுக்க உலர்த்திய பிறகு பையில் வையுங்கள். தையல் ஓரங்களில் புல்விதை ஒட்டியிருக்கும், அதையும் பிடுங்கிவிடுங்கள். அங்கே கௌரி மரக் காடுகளின் வாசலில் ஷூவைத் தேய்த்துக் கிருமிநாசினி அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். மரங்களைக் கொல்லும் நோய் மண் வழியாகப் பரவுகிறது என்பதால்.

ஜப்பானில் விடுதி, மலைக்குடில், பல உணவகங்கள் என்று நாளுக்குப் பத்துத் தடவை ஷூவைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். மோவாப்பின் நாக்கு பக்கவாட்டில் தைக்கப்பட்டிருப்பதால் லேஸை நன்றாகத் தளர்த்தாமல் கால் நுழையாது. அவசரத்தில் பின்கழுத்தை மிதித்து நுழைக்கிறவர்கள் உண்டு. அந்தக் கெட்டியான கிண்ணம் ஒருமுறை மடங்கினால் பிறகு குதிகாலைப் பிடிக்காது. இழுத்துவிடும் எலாஸ்டிக் லேஸ் மாற்றிக்கொள்ளலாம், மலையேறும் நாளில் மட்டும் பழைய லேஸ்.

எங்கே போனாலும் கூட ஒரு லேசான செருப்பு இருக்கட்டும். மாலையில் ஷூவும் காலும் இரண்டும் ஆற வேண்டும். விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருப்பதால், கனமான ஷூ காலில், செருப்பு பையில்.

நனைந்தால், காய்ந்தால்

நனைந்த ஷூவை ஹீட்டர் பக்கத்திலோ தீயருகிலோ வைப்பதுதான் ஷூவுக்கு நடக்கும் பெரிய கொடுமை. இதன் அடிப்பாகம் தைக்கப்பட்டதல்ல, பசையால் ஒட்டப்பட்டது. சூட்டில் பசை இளகும், முனையில் வாய் பிளக்கும். சூயெட் விறைத்து மடிப்பில் வெடிக்கும். இன்சோலை எடுத்துவிட்டு, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி முனைவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஊறிவிடும், மாற்றித் திணியுங்கள். காற்றோடும் நிழல் போதும்.

மண்ணைக் காய விட்டுத் துலக்கினாலே பாதி போய்விடும். வாஷிங் மெஷின் வேண்டாம். மெழுகும் வேண்டாம், அது முழுத்தோல் பூட்ஸுக்கானது, சூயெடிலும் வலைத்துணியிலும் தடவினால் துளைகள் அடைபட்டுக் காற்றோட்ட மாடலுக்குக் கொடுத்த பணம் தண்டம்.

முனையில் பிளந்த வாயைப் பசைபோட்டு ஒட்டலாம். முழு சோலை மாற்றுவது பசையால் ஒட்டிய இந்த ரகத்தில் கட்டுப்படியாகாது. ஓய்வு கொடுக்கும் நேரம் வந்ததா என்று பார்க்க, ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்து நின்றால் நுரை ஒருபக்கமாக அமுங்கியிருக்கிறது. நடு அடுக்கின் பக்கவாட்டில் படுக்கைக் கோடுகளாகச் சுருக்கம் நிரந்தரமாகத் தெரிந்தாலோ, கட்டைவிரலால் அழுத்தும்போது மரம் போல இருந்தாலோ, தினசரி நடைக்கும் அது வேண்டாம். தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு ஒத்துவராது

ஒடுக்கமான பாதம் உள்ளவர்களுக்கு, மட்டமான ஷூவுக்குப் பழகியவர்களுக்கு, 15 கிலோவுக்கு மேல் சுமப்பவர்களுக்கு, ஈரப்பாறைப் பாதைகளை விரும்புகிறவர்களுக்கு. மலைக்கே போகாமல் தார் ரோட்டில் மட்டும் நடக்கிறவர்களுக்கும்தான். அவர்களுக்கு இதைவிடக் குறைந்த எடையில் வழவழப்பான அடியோடு நல்ல நடை ஷூக்கள் இருக்கின்றன. மற்றவர்கள் காற்றோட்ட மாடலில், மாலை நேர அளவில், கிளம்புவதற்கு ஐந்தாறு வாரம் முன்பு வாங்கினால் போதும். அதுவரை போன பயணத்து ஜோடி காலை நடைக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும்.